பூட்டுக்காரர் வீட்டு வக்கீல்

மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் அளவில் ஒரு கடை. முன்பக்கம் சாவி வெட்டும் இயந்திரம். பின்சுவர் முழுக்க ஆணிகள், ஆணிகளில் இன்னும் வெட்டாத சாவிகள். அங்கே உட்கார்ந்திருப்பவரைத் தெருவில் எல்லோரும் சாவி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்குக் கல்யாணமாகி, அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்தாகிவிட்டது. இருந்தும் அவர் அண்ணன்தான். அவரை மாமாவாகவோ தாத்தாவாகவோ ஆக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுப் பூட்டைக் கதவில் பொருத்தியதும் பூட்டுவார். கைப்பிடியை இழுப்பார். திறப்பார். மறுபடி பூட்டுவார். மறுபடி இழுப்பார்.

"பூட்டிக்கிச்சுன்னு சத்தம் சொல்லும்மா. சத்தத்தை நம்பக் கூடாது. திறந்து பூட்டிப் பார்த்தாத்தான் நிஜம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கருவிப் பையின் வாயைக் கட்டுவார்.

வெளியில் செய்ததையே வீட்டிலும் செய்தார். மாடியில் இரண்டு அறையும் சமையலறையுமாக வாடகை வீடு. முன்னறைக் கதவைத் திறந்தால் நேராக மாடிப்படி. எங்கே கிளம்பினாலும் அந்தக் கதவை அவர் பூட்டித் திறந்து பூட்டி இழுத்து முடிப்பதற்குள் அவர் மனைவி தெருமுனைக்குப் போயிருப்பாள்.

"நீங்க உங்க கதவோட பேசிட்டு வாங்க. நான் போய்ப் பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன்" என்பாள்.

அவளுக்கு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. விடியும்போதே போய்விடுவாள், பொழுது சாய்வதற்கு முன் திரும்புவாள். அவர் காலையில் நிதானமாகக் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில் வருவார். இப்படியே வருஷக்கணக்காக அந்த வீட்டில் பகல் முழுக்க ஆள் இல்லை. ஆள் இல்லாத வீடு யாருக்கும் தொந்தரவாகவும் இல்லை.

அந்த நிலையில்தான் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன ஒரு வீட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். சாவி அண்ணன் முன்கதவைத் திறந்தார். உள்ளே காலி அறைகள். குளியலறைக் கதவு மட்டும் வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. தாழை நீக்கியபோது, கவிழ்ந்து கிடந்த வாளிக்குப் பின்னால் ஒரு குட்டி. பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. கதவின் கீழ்ப்பகுதி முழுக்க நகக் கீறல்.

"இதையும் விட்டுட்டுப் போயிட்டானுங்களா! தெருவுல விட்டுருங்கண்ணே" என்றார் வீட்டுக்காரர்.

சாவி அண்ணன் கருவிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, பையின் இன்னொரு பக்கத்தில் குட்டியை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூலி வாங்கப் போன மனுஷன் குட்டி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும். யாராவது கேட்டா கொடுத்துரலாம்."

யாரும் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. பூட்டு அடுக்கி வந்த மரப்பெட்டி ஒன்றை முன்னறையில் வைத்து, அதில் தன் பழைய சட்டையை மடித்துப் போட்டார். இரவில் பெட்டி அவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கையைத் தொங்கவிட்டால் குட்டியின் முதுகு படும். அதனால் இரவு ஒரு தொல்லையும் இல்லை.

பகல்தான் தொல்லை. முன்னறையில் விட்டுப் பூட்டிவிட்டுப் போனால் போதும், குட்டி தொடங்கிவிடும். முதலில் மூக்கால் ஒரு முனகல். பிறகு இழுத்து இழுத்து ஓர் அழுகை. பிறகு கதவைப் பிறாண்டிக்கொண்டே நியாயம் கேட்பதுபோல ஒரு நீண்ட முறையீடு. இடையில் மூச்சு வாங்க நிறுத்தும். விட்ட இடத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

"எந்தக் கோர்ட்டுலடா நீ படிச்ச? நிறுத்தாம வாதாடுறியே!" என்று மனைவி கேட்டாள். அன்றிலிருந்து அதன் பெயர் வக்கீல்.

கீழ்வீட்டில் இருந்தவள் வீட்டின் சொந்தக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இரவு வேலை. காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத்துணி இழுத்துவிட்டுப் படுப்பாள். அவள் படுக்கும் அறைக்கு நேர் மேலேதான் வக்கீலின் மரப்பெட்டி.

அவள் சட்டென்று சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. முதலில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். கட்டிலைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போட்டாள். ஒருநாள் மாலை படியேறி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணே, நேத்து வார்டுல ஊசி போடுற நேரத்துல கண்ணு சொக்கிருச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு கையைப் பிடிச்சா. இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே உடம்பு நடுங்குது. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள இது அடங்கணும். இல்லன்னா இதுக்கு வேற இடம் பார்த்துக் கொடுத்துருங்க."

"நியாயம்தாம்மா" என்றார் சாவி அண்ணன்.

வேறு இடம் என்றால் ஒன்றுதான். ஊருக்கு வெளியே உள்ள நாய்க் காப்பகம். அது அவருக்கு நன்றாகவே தெரியும். வரிசையாக இருந்த கம்பிக் கூண்டுகளுக்குப் பூட்டுப் பொருத்தியவரே அவர்தான். குட்டியை அங்கே கொண்டுபோனால், அவர் போட்ட பூட்டுக்குள்ளேயே அதை விட்டுவிட்டு வர வேண்டும். மனைவியிடம் அவர் அதைச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"காப்பகத்துக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். கொண்டுபோய் விடணும்னா நீங்களே விட்டுட்டு வாங்க."

சாவி அண்ணன் தன் புத்திக்கு எட்டியதை முதலில் செய்தார். கதவுச் சட்டத்தைச் சுற்றிலும் பஞ்சுப் பட்டை ஒட்டினார், சத்தம் வெளியே போகாமல் இருக்க. சத்தம் குறையவில்லை; கதவுதான் இறுகிப்போய், ஓங்கி இழுத்தால்தான் சட்டத்தில் உட்காரும் என்று ஆனது. அடுத்து, பூட்டிவிட்டுப் படியிலேயே காத்திருந்தார். அழுகை எழுந்ததும் மனம் கேட்காமல் ஓடிப்போய்த் திறந்தார். தூக்கி வைத்துக் கொஞ்சினார். மறுபடி பூட்டினார். மறுபடி அழுகை. மறுபடி திறந்தார்.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனபோது, டாக்டர் குட்டியின் பல்லையும் வயிற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அழுதா என்ன செய்றீங்க?"

"திறந்துடுவேன்."

"அப்ப அழுதா கதவு திறக்கும்னு நீங்களே சொல்லிக்கொடுத்திருக்கீங்க. கெட்டிக்காரக் குட்டி, படிச்சுக்கிச்சு." டாக்டர் சிரித்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். "வெளியே நடத்திக் கூட்டிட்டுப் போய் ஒண்ணுக்கு ரெண்டுக்கு முடிக்க வைங்க. கடிக்க ஏதாவது கொடுத்துட்டுக் கதவைச் சாத்துங்க, அது முனகறதுக்கு முன்னாடியே திறந்துருங்க. கொஞ்சம் கொஞ்சமா நீட்டுங்க. போகும்போது கொஞ்சல், வரும்போது கொஞ்சல், ரெண்டும் வேண்டாம். சும்மா போங்க, சும்மா வாங்க. அழ ஆரம்பிச்சுட்டா, அது மூச்சு வாங்குற இடத்துல திறங்க. ஆனா ரொம்பப் பயந்து நடுங்கினா, நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம். ஒரு படி பின்னால போயிடுங்க."

சாவி அண்ணன் சொன்னதைச் சொன்னபடி செய்பவர். அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த கதவில் தொடங்கினார். சாத்துவது, திறப்பது, சாத்துவது, கொஞ்சம் பொறுத்துத் திறப்பது. மனைவி கடையிலிருந்து காய்ந்த ரொட்டித் துண்டுகள் கொண்டுவந்தாள். வக்கீல் அதைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சில நாளில், சமையலறைக்குள் இவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டு முடிக்கும்வரை அது வாயைத் திறக்கவில்லை.

"வாதி தரப்பில் அமைதி" என்றாள் மனைவி.

ஆனால் முன்கதவு என்று வந்ததும் எல்லாம் பாழ். வெளியே போய்ப் பூட்டியதும் பழைய கதைதான். எத்தனை சீக்கிரம் திரும்பி வந்தாலும், திரும்புவதற்குள் அழுகை. சமையலறைக் கதவுக்குப் பேசாமல் இருக்கும் குட்டி முன்கதவுக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது? டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். "ரெண்டு கதவுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க" என்றார் டாக்டர். சாவி அண்ணன் கதவுகளைப் பார்த்தார். ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஒன்றும் பிடிபடவில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. ஒருநாள் காலை அவர் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது, வேலை முடிந்து வந்த நர்ஸம்மா கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேலே வக்கீல் வாதத்தைத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"நீங்க ஏன் அதை ஏமாத்துறீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. "நான் என்னம்மா ஏமாத்துறேன்?"

"படுத்துக்கிட்டு தினமும் கேக்குறேனே. நீங்க பூட்டுறீங்க, டொக்குனு ஒரு சத்தம். அப்ப அது அழறதில்ல. சும்மாதான் இருக்கு. அப்புறம் திறக்குறீங்க, இன்னொரு டொக். உடனே குடுகுடுன்னு கதவுக்கு ஓடி வருது. எனக்கு மேல நகம் ஓடுற சத்தம் கேக்கும். ஆள் வந்துட்டாங்கன்னு நினைக்குது. நீங்க உள்ள வராம மறுபடி பூட்டுறீங்க. அப்புறம்தான் அழுகை. அக்கா விடிகாலையில உங்களைத் தூங்க விட்டுட்டு ஒரே தடவை சாத்திட்டுப் போறாங்களாமே, அப்ப அழறதே இல்லையாமே?"

"அப்ப நான்தான் உள்ள இருக்கேனே!" என்றார் அவர்.

"சரி, அதை விடுங்க. எங்கிட்ட இப்படிச் செஞ்சா நானும் அழுவேன்" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா உள்ளே போனாள்.

சாவி அண்ணன் கடைக்கு நடந்தார். நடுவழியில் நின்றார். காப்பகத்தில் பூட்டுப் பொருத்திய நாள் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு கூண்டையும் வழக்கப்படி பூட்டி, திறந்து, பூட்டிப் பார்த்துக்கொண்டே போனார். திறந்த சத்தத்துக்கு ஒவ்வொரு கூண்டிலும் படுத்திருந்த நாய் எழுந்து வாலாட்டிக்கொண்டு வந்தது. பூட்டியதும் திரும்பிப் போய்ப் படுத்தது. அன்றைக்கு அவர் கண் பூட்டில் இருந்ததே தவிர நாயில் இல்லை.

மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன். என் பேச்சு ஏறல. நாய் வந்து சொல்ல வேண்டியிருக்கு."

"இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"ஒரே தடவை பூட்டுங்க. போயிட்டே இருங்க."

"சரியாப் பூட்டிக்கலன்னா?"

"ஊர்ல இருக்குறவங்க எல்லாம் ஒரே தடவைதான் பூட்டுறாங்க. அவங்க வீடெல்லாம் அப்படியேதான் இருக்கு."

பூட்டுச் சத்தம் குட்டிக்குப் பழகட்டும் என்று கடையிலிருந்து ஒரு கதவுப்பூட்டைக் கொண்டுவந்தார். வக்கீல் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து ஒருமுறை திருகினார். டொக். குட்டி தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. கதவில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் அங்கேயே இருந்தார். அது மறுபடி தட்டில் வாயை வைத்தது. முட்டை உரிக்கும்போது டொக். குட்டியின் வயிற்றைத் தடவும்போது டொக். இரண்டு நாளில் அந்தச் சத்தத்துக்கு அதன் வெள்ளைக் காதுகூட அசையவில்லை.

குட்டி சீக்கிரம் படித்துக்கொண்டது. சாவி அண்ணனுக்குத்தான் படிப்பு ஏறவில்லை. முன்கதவை ஓங்கி இழுத்து, ஒருமுறை பூட்டிவிட்டு, இரண்டு படி இறங்குவார். வலதுகை தானாகச் சட்டைப்பையில் சாவியைத் தேடும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்குவார். தெருமுனைவரை போய்த் திரும்பி வருவார். உள்ளே சத்தமில்லை. ஒன்றும் பேசாமல் திறந்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பார். வக்கீல் வாலை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பேசாமல் கிடக்கும். மறுநாள் மருந்துக்கடைவரை. அதற்கடுத்த நாள் கடையைத் திறந்து ஒரு சாவி வெட்டிவிட்டு வந்தார். ஒருநாள் ஆசைப்பட்டுக் கொஞ்சம் நீட்டிவிட்டார். திரும்பும்போது படிவரை அழுகை கேட்டது. டாக்டர் சொன்னபடி அடுத்த நாள் பின்னால் போய் மருந்துக்கடையோடு திரும்பினார். கடைசியில் பகல் பாதிவரை வந்துவிட்டது. மதியம் வந்து சாப்பாடு வைத்து, வெளியே நடத்திக் கூட்டிவந்து, மறுபடி கடைக்குப் போனார்.

நர்ஸம்மா தூங்கினாளா இல்லையா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மாதக் கடைசி நாளன்று அவளே சொல்வாள்.

அந்தக் கடைசி நாளும் வந்தது. காலையில் வக்கீலை நடத்திக் கூட்டிவந்து, ரொட்டித் துண்டைக் கொடுத்துவிட்டு, அவர் வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒரு பெண், குப்பை போட வெளியே வந்தவள், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, அடுப்பில் பால் இருக்கிறது என்று அலறினாள். "இதோ வந்துட்டேம்மா" என்று போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கதவை ஒரு கையால் இழுத்து, சாவியைத் திருகினார். டொக். கை மறுபடி சாவிக்குப் போனது. கையை மடக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

பால் பொங்கி வழிந்ததோடு அந்த விவகாரம் முடிந்தது. அதற்குப் பிறகு அடுத்தடுத்து வேலை. மதியம் அவரால் வீட்டுக்கு வர முடியவில்லை. மனைவிக்குப் போன் செய்தார். அவள் இன்றைக்குச் சீக்கிரமே கிளம்புகிறேன் என்றாள். ஆனாலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சாவியைத் தப்பாக வெட்டினார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"என்னண்ணே, தீர்ப்பு இன்னைக்கா?"

"ஆமா."

"வக்கீல் ஜெயிச்சுருவார். கவலைப்படாதீங்க."

கடையைச் சீக்கிரமே சாத்தினார். அங்கேயும் ஒரே தடவைதான் பூட்டினார். அது அவருக்கே வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. தெருமுனையில் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் படியேறினார்கள்.

மேல்படியில் அவர் நின்றுவிட்டார்.

கதவின் கைப்பிடியிலிருந்து மாடிப்படிக் கம்பிவரை, வெள்ளைவெளேரென்று ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி இழுத்துக் கட்டியிருந்தது. கால் முறிந்தவனுக்குக் கட்டுவதுபோலச் சுற்று மேல் சுற்றாக, ஒழுங்காக, முடிவில் ஒரு அழகான முடிச்சு. கதவு சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் பூட்டின் இரும்பு நாக்கு, எந்தத் துளைக்குள்ளும் போகாமல், வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் பஞ்சுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஓங்கி இழுத்தால்தான் உட்காரும் கதவை, அவசரத்தில் ஒரு கையால் இழுத்திருக்கிறார். டொக் என்ற சத்தம் மட்டும் குறையில்லாமல் வந்திருக்கிறது. ஊர்க் கதவையெல்லாம் பூட்டித் திறந்து பார்த்தவர் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது.

"அவன் எங்கேயாவது இறங்கிப் போயிருந்தான்னா..." என்றாள் மனைவி.

கீழிருந்து நர்ஸம்மா படியேறி வந்தாள். முகம் கழுவி, வேலைக்குப் போகும் உடுப்பில் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் குறைந்திருந்தது.

"முடிச்சை அறுக்காதீங்க, நான் அவிழ்க்கிறேன். நல்ல துணி அது." அவிழ்த்துக்கொண்டே பேசினாள். "மதியம் முழிப்பு வந்துருச்சு. ஒரு சத்தமும் இல்ல. எனக்கே பயமாயிருச்சு, குட்டிக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு. மேல வந்து பார்த்தா கதவு இத்தனை அகலம் திறந்து கிடக்கு. எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள்ள உங்க சட்டை மேல தாடையை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். என்னைப் பார்த்தான், வாலை ஆட்டினான், மறுபடி கண்ணை மூடிக்கிட்டான்."

"வெளிய வரலையா?" என்றாள் மனைவி.

"எதுக்கு வரணும்? நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு போல. ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சுட்டு, கதவைச் சாத்தப் பார்த்தேன், சாத்த முடியல. கட்டுப் போட்டுட்டுப் போய்ப் படுத்தேன். அப்புறம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்."

துணி முழுக்கச் சுருண்டு அவள் கைக்குள் வந்ததும் கதவு தானாக உள்பக்கம் நகர்ந்தது. வக்கீல் பெட்டியில் எழுந்து நின்று சோம்பல் முறித்தது. முன்னங்கால் முதலில், பின்னங்கால் அப்புறம். பிறகு நடந்து வந்து, மூன்று பேர் காலையும் வரிசையாக மோந்து பார்த்தது.

சாவி அண்ணன் டாக்டர் சொன்னதை மறந்துவிட்டார். குனிந்து அதைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டார்.

"அப்ப, வேற இடம்..." என்று இழுத்தார்.

"எதுக்கு வேற இடம்?" என்றாள் நர்ஸம்மா. "பகல்ல மேல ஒரு உசுரு இருக்கறதும் நல்லதுதான். நீங்க கதவைப் பூட்டுற லட்சணத்துக்குக் காவல் வேணும்ல?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

அன்று மாலையே சாவி அண்ணன் பஞ்சுப் பட்டையை உரித்தெடுத்தார். சட்டத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார். கதவைச் சாத்தினார். பழையபடி லேசாகத் தள்ளினாலே உட்கார்ந்தது.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை. இரண்டு பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். அவர் கதவைச் சாத்தி ஒருமுறை பூட்டினார். சாவியைப் பையில் போட்டார். அதற்குப் பிறகு உள்ளங்கையைக் கதவில் வைத்து, சத்தம் வராமல், மெல்ல ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். கதவு அசையவில்லை. அப்படியே காதையும் கதவில் வைத்தார்.

மனைவி கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நர்ஸம்மா தூங்கும் நேரம் என்பதால் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்ன சொல்றாரு வக்கீல்?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் சாவி அண்ணன், படியிறங்கிக்கொண்டே. "வாய்தா வாங்கிட்டாரு. சாயங்காலம் வரச் சொல்றாரு."